லிப்பிட் ரிப்போர்ட்டை எந்த வரியிலிருந்து படிப்பது?

காரைக்குடியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் பார்ப்பது முதல் வரி: டோட்டல் கொலஸ்ட்ரால். 200-க்குக் கீழே என்றால் மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். அந்த வரியைக் கடைசியில் பாருங்கள். நல்லதும் கெட்டதும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது.

முதலில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால். இதயத் தமனியில் கொழுப்புப் படிமம் வளர்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். படிமம் என்றதும் குழாயின் உட்புறத்தில் கொழுப்பு அப்பிக்கொள்வதாக நினைக்கிறோம். அப்படியில்லை. நம்ம ஊர்ப் பழைய வீட்டில் சுவருக்குள் ஈரம் இறங்கி, மேல்பூச்சு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே பொருமிக்கொண்டு வருமே, அந்த மாதிரி. எல்டிஎல் துகள்கள் தமனிச் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பு நிறைந்து அங்கேயே தேங்கிவிடுகின்றன. அதற்கு மேல் ஒரு மூடி. அது மெலிந்து கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். பாதிகூடச் சுருங்காத தமனியிலும் இது நடக்கலாம். நேற்று வரை மூச்சிரைக்காமல் நடந்தவருக்கு இன்று மாரடைப்பு வருவது இதனால்தான்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் ஆகிற காரியமில்லை. ரிப்போர்ட் சொல்வது இன்றைய அளவு. சுவருக்குள் இருப்பதோ பல வருடக் கணக்கு. அதனால் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் ஒரு சின்னக் கழித்தல். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஓர் ஆச்சி, "இருநூத்திப் பன்னெண்டுதானே தம்பி, கொஞ்சந்தானே கூட?" என்றார்கள். டோட்டல் 212, நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல் 44, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210. 212-இல் 44 போனால் 168. தமனிச் சுவருக்குள் புகக்கூடிய எல்லா வகையும் சேர்ந்த கணக்கு இது, நான்-ஹெச்டிஎல் என்பார்கள். ஆச்சி மாதிரி ஆட்களுக்கு எல்டிஎல் 70-க்குள், நான்-ஹெச்டிஎல் 100-க்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு எல்டிஎல் 55-க்கும் கீழே போக வேண்டும். ரிப்போர்ட் ஓரத்தில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' ஊருக்கெல்லாம் பொது. உங்கள் இலக்கு என்னவென்று டாக்டரிடம் கேளுங்கள்.

பல லேபில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. டோட்டலில் ஹெச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுவார்கள். ஆச்சிக்கு 126 வந்தது அப்படித்தான். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. நேரடியாக அளக்கச் சொல்லுங்கள். முதல் நாள் கல்யாண வீட்டில் கந்தரப்பமும் அதிரசமும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தால் ட்ரைகிளிசரைடுதான் எகிறும். ரத்தத்தை மெஷினில் சுற்றி எடுத்ததும் மேலே பிரிந்து நிற்கும் நீர், அதாவது சீரம், வெள்ளையாகக் கலங்கி நிற்கும். ஆனால் எல்டிஎல் 190 இருக்கிறவரின் சீரம் தெளிந்த மஞ்சளாகவே இருக்கலாம். கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

190-க்கு மேல் வந்தால் அது சாப்பாட்டால் மட்டும் என்று எண்ண வேண்டாம், பரம்பரையாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். எல்டிஎல் போன்ற இன்னொரு துகளான லிப்போபுரோட்டீன் (ஏ)-க்குத் தனிச் சோதனை ஒன்று உண்டு. அதுவும் பிறவியிலேயே அமைவது. பெரும்பாலானவர்களுக்கு ஆயுளில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சிடி ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர், அதாவது இதயத் தமனிச் சுவரில் எவ்வளவு கால்சியம் ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம். கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பிப்பதா என்று டாக்டரே யோசிக்கும்போது அது உதவும். பூஜ்யம் வந்தால் நல்லதுதான், ஆனால் கால்சியம் ஏறாத மென்படிமம் அதில் தெரியாது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஸ்கோர் கொஞ்சம் ஏறினால் பதற வேண்டாம். படிமம் கெட்டிப்பட்டு உறுதியாகும்போதும் ஏறும்.

சோதனைக்கு முன்னால் நாலு நாள் மாத்திரையை நிறுத்தி 'உண்மையான அளவு' பார்க்கிற பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதுதான் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.