கர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் பேட்டரி சீக்கிரம் தீர்கிறதா? காரணத்தைப் பிடிப்பது எப்படி

லினக்ஸ் லேப்டாப்பில் கர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி) அப்டேட் ஆனதிலிருந்து பேட்டரி நிற்க மாட்டேன் என்கிறதென்றால், நிறையப் பேர் உடனே டிஎல்பி என்ற பேட்டரி சேமிப்புக் கருவியை நிறுவுவார்கள், அது போதாதென்று எங்கேயோ பார்த்த நாலைந்து பூட் ஆப்ஷன்களையும் சேர்த்துப் போடுவார்கள். தயவுசெய்து அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து மாற்றம் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் எந்தக் கோளாறு முதலிலேயே இருந்தது, எது நாமே இழுத்துவிட்டது என்று பிரிக்கவும் முடியாது.

முதல் வேலை அளப்பது. அதுவும் வாட் கணக்கில். "முன்னாடி நாலு மணி நேரம் வந்தது, இப்போ மூணுதான் வருது" என்பதெல்லாம் அளவு ஆகாது, ஏனென்றால் டாஸ்க்பாரில் தெரியும் மீதி நேரம் கடைசிச் சில நிமிடங்களை வைத்துப் போடும் ஊகம்தான். சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர்டாப் என்ற கருவியை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ஓட்டினால் பேட்டரியிலிருந்து எத்தனை வாட் போகிறது என்று காட்டும் (சார்ஜர் செருகியிருந்தால் இந்த எண் வராது, அதனால் "எனக்குக் காட்டவில்லையே" என்று குழம்ப வேண்டாம்). யூபவர் கருவியும் இதையே சொல்லும். இரண்டும் வேண்டாமென்றால் சிஸ் கோப்பகத்தில் கிளாஸ், அதற்குள் பவர் சப்ளை, அதற்குள் உங்கள் பேட்டரியின் பெயரில் இருக்கும் கோப்புறையைத் திறந்து பாருங்கள். பவர் நௌ என்றொரு கோப்பு இருந்தால் அதிலுள்ளது மைக்ரோவாட், 10 லட்சத்தால் வகுத்தால் வாட். சில மாடல்களில் அது இருக்காது, கரண்ட் நௌ, வோல்டேஜ் நௌ என்று இரண்டு கோப்புகள் இருக்கும். இரண்டையும் ஆம்பியர், வோல்ட் என்று மாற்றிப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஏன் இந்த எண்ணுக்கு இவ்வளவு முக்கியத்துவம் என்றால், சும்மா இருக்கும் லேப்டாப்பில் சின்ன வித்தியாசமே பெரிய இழப்பு. 50 வாட்-மணி பேட்டரி 5 வாட்டில் ஓடினால் 10 மணி நேரம், 8 வாட்டில் ஓடினால் ஆறேகால் மணி நேரம். விசிறி சத்தம் போடாது, லேப்டாப் சுடாது, சிபியு சதவீதமும் அமைதியாகவே இருக்கும். 3 வாட் மட்டும் எங்கேயோ ஒழுகிக்கொண்டிருக்கும்.

அளக்கும்போது நிலைமை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பிரைட்னஸ், ஒரே வைஃபை, யுஎஸ்பியில் எதுவும் இல்லை, ப்ளூடூத் அணைத்தாயிற்று, பிரவுசர் மூடியாயிற்று. பூட் ஆனவுடன் அளக்காதீர்கள். அப்டேட் போட்ட கையோடு கோப்புகளை அட்டவணைப்படுத்தும் நிரல்கள் (கேடிஇ என்றால் பலூ, க்னோம் என்றால் டிராக்கர், புதிய பதிப்புகளில் அதன் பெயர் லோக்கல்சர்ச்) பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். டாப் கட்டளையில் யாரும் சிபியுவைத் தின்னவில்லை என்று பார்த்துவிட்டு, ஒரு பத்து நிமிடம் தொடாமல் விட்டு, அடுத்த பத்து நிமிடத்தின் சராசரியை எடுங்கள்.

சரி, இப்போது முக்கியமான சோதனை. பழைய கர்னலில் பூட் செய்து அதே அளவை எடுக்க வேண்டும். உபுண்டுவில் க்ரப் (கர்னலை ஏற்றும் பூட் நிரல்) மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழையது இருக்கும், மெனுவே தெரியவில்லையென்றால் பூட் ஆகும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட். ஃபெடோரா இயல்பாகவே மூன்று கர்னல்களை வைத்திருக்கும். ஆர்ச்சில் புதியது வந்தால் பழையது போய்விடும், அதனால் பேக்மேன் என்ற நிறுவல் கருவியின் கேஷிலிருந்து முந்தைய பேக்கேஜை நிறுவுங்கள், அல்லது எல்டிஎஸ் (நீண்ட காலம் திருத்தங்கள் வரும்) கர்னலைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். புதியது, பழையது, திரும்பப் புதியது என்று மாற்றி மாற்றி அளப்பது நல்லது. ஒரு தடவை மட்டும் பார்த்தால் தற்செயலுக்கும் உண்மைக்கும் வித்தியாசம் தெரியாது.

பழைய கர்னலிலும் அதே வாட்தான் என்றால் கர்னலைத் திட்டுவதை நிறுத்திவிடலாம். அப்டேட் என்பது கர்னல் மட்டுமில்லை, கூடவே மெசா (கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பு), பிரவுசர், டெஸ்க்டாப், லினக்ஸ் ஃபர்ம்வேர் (சாதனங்களுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) எல்லாம் வந்திருக்கும். இதில் ஃபர்ம்வேர் கொஞ்சம் ஏமாற்றும், ஏனென்றால் அது தனி பேக்கேஜ். பழைய கர்னலில் போனாலும் வைஃபை கார்டுக்கும் ஜிபியுவுக்கும் ஏறுவது பெரும்பாலும் புதிய ஃபர்ம்வேர்தான். வீடியோ பார்க்கும்போது மட்டும் அதிகம் என்றால் பிரவுசரில் வன்பொருள் டிகோடிங் விட்டுப்போயிருக்கலாம். பேட்டரியே தேய்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதே பவர் சப்ளை கோப்புறையில் முழுக் கொள்ளளவும் வடிவமைப்புக் கொள்ளளவும் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழையதில் குறைவு, புதியதில் அதிகம் என்று உறுதியானால் தேட வேண்டியது ஒன்றைத்தான்: தூங்க வேண்டியதில் எது தூங்காமல் இருக்கிறது? கர்னல் மாறி பேட்டரி குறைவதில் பெரும்பகுதி, எதுவோ அதிகமாக உழைப்பதால் வருவதில்லை.

இதற்கு நல்ல உதாரணம் 2011-இல் வந்த 2.6.38 கர்னல். உபுண்டு 11.04-இல் இருந்தது அதுதான். நிறைய லேப்டாப்களில் மின்செலவு ஏறியது, டாப்பில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஃபோரானிக்ஸ் தளத்தின் மைக்கேல் லாராபெல் கர்னல் மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்துக் காரணத்தைப் பிடித்தார். பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளைச் சும்மா இருக்கும்போது தூங்கவைக்கும் ஏஎஸ்பிஎம் என்ற வசதிதான் அது. "இந்தக் கணினியில் ஏஎஸ்பிஎம் கிடையாது" என்று பயாஸ் ஒரு அட்டவணையில் சொல்லியிருக்கும், ஆனால் அதே பயாஸ் சில சாதனங்களில் அதை இயக்கியும் வைத்திருக்கும். புதிய கர்னல் அந்த அட்டவணையை நம்பி, இயங்கிக்கொண்டிருந்ததையும் அணைத்துவிட்டது. விண்டோஸ் அப்படிச் செய்யாமல், பயாஸ் வைத்ததை அப்படியே விட்டுவிடும் என்று கண்டுபிடித்து கர்னல் உருவாக்குநர் மேத்யூ காரெட் எழுதிய திருத்தம் 2012 மார்ச்சில் வந்த 3.3-இல் சேர்ந்தது. அதுவரை மக்கள் ஏஎஸ்பிஎம்மை வலுக்கட்டாயமாக இயக்கும் பூட் ஆப்ஷனைப் போட்டு ஓட்டினார்கள், சில கணினிகள் அதில் உறைந்தும் போயின. அந்த ஆப்ஷனை இன்றும் பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கோளாறு அதுதான் என்று தெரியாமல் போடாதீர்கள்.

தூங்காததை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு கர்னலிலும் ஒரே தகவல்களைச் சேமித்து ஒப்பிடுவதுதான் வழி. பவர்டாப்பின் ஹெச்டிஎம்எல் அறிக்கை, டிமெசேஜ் எனும் கர்னல் செய்திப் பதிவு (நேரக் குறிப்பில்லாமல் எடுத்தால் ஒப்பிடச் சுலபம்), ரூட்டாக ஓட்டிய எல்எஸ்பிசிஐயின் (பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை) மிக விரிவான வெளியீடு, இந்த மூன்றும் போதும். எல்எஸ்பிசிஐ கோப்புகள் இரண்டையும் டிஃப் (வித்தியாசம் காட்டும் கட்டளை) போட்டால் எந்தச் சாதனத்தில் ஏஎஸ்பிஎம் முன்பு இயங்கி இப்போது அணைந்திருக்கிறது என்று நேராகத் தெரிந்துவிடும்.

இன்டெல் லேப்டாப் என்றால் பவர்டாப்பின் ஐடில் ஸ்டாட்ஸ் பக்கத்தில் பேக்கேஜ் நிலைகளை (சிப் முழுவதும் எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்பது, பிசி என்று எண்ணோடு வரும்) பாருங்கள், அல்லது அதையே காட்டும் டர்போஸ்டாட்டை ஓட்டுங்கள். எண் ஏற ஏறத் தூக்கம் ஆழம். பழைய கர்னலில் திரை அசையாமல் இருக்கும்போது பெரும்பாலான நேரம் பிசி8, பிசி10 என்று போய்விட்டு, புதியதில் பிசி2, பிசி3-ஐத் தாண்டவில்லையென்றால் ஏதோ ஒரு சாதனம் மொத்தச் சிப்பையும் விழிக்கவைத்துக்கொண்டிருக்கிறது. சந்தேகப் பட்டியலில் என்விஎம்இ டிஸ்க், கார்டு ரீடர், வைஃபை, திரை எல்லாம் வரும். திரையில் பிஎஸ்ஆர் என்று ஒன்று உண்டு, படம் மாறாதபோது பேனலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு ஜிபியுவைத் தூங்கவிடும். மினுக்கல் வருகிறது என்பதற்காகச் சில பேனல்களில் கர்னலே இதை அணைத்துவிடுவதும் உண்டு. அது கோளாறா சரிசெய்தலா என்பது நீங்கள் திரையை எவ்வளவு உற்றுப் பார்க்கிறவர் என்பதைப் பொறுத்தது.

இரண்டு ஜிபியு இருக்கிற லேப்டாப் என்றால் இவ்வளவும் அப்புறம், முதலில் தனி ஜிபியுவைப் பாருங்கள். என்விடியா டிரைவர் புதிய கர்னலுக்காகத் திரும்பக் கம்பைல் ஆக வேண்டும். அது தோற்றுப்போனாலோ, செக்யூர் பூட்டில் கையெழுத்து இல்லையென்று நிராகரிக்கப்பட்டாலோ, கார்டு டிரைவர் இல்லாமல் விழித்தபடியே கிடக்கும். திரை இன்டெல்லிலோ ஏஎம்டியிலோ ஓடுவதால் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இப்படிக் கம்பைல் செய்துதரும் கருவியான டிகேஎம்எஸ்ஸின் நிலையைப் பார்த்தால் எந்தக் கர்னலுக்கு மாட்யூல் (டிரைவர் கோப்பு) தயாராகியிருக்கிறது என்று சொல்லும். அப்புறம் சிஸ் கோப்பகத்தில் அந்தக் கார்டின் பிசிஐ முகவரிக்குள், பவர் என்ற கோப்புறையில் ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பைப் படியுங்கள். சஸ்பெண்டட் என்றால் நல்லது, ஆக்டிவ் என்றால் ஆள் அகப்பட்டான். என்விடியா எஸ்எம்ஐயை வைத்துச் சோதிக்காதீர்கள், அந்தக் கட்டளையே கார்டை எழுப்பிவிடும். எல்எஸ்பிசிஐக்கும் அதே குணம் உண்டு.

ஏஎம்டிக்காரர்களுக்கு வேறொரு கதை. சிபியு வேகத்தை நிர்வகிக்கும் ஏஎம்டி பி-ஸ்டேட் டிரைவர் 5.17 கர்னலில் வந்தது, 6.5-இலிருந்து பல ரைசன் சிப்களில் ஆக்டிவ் முறையே இயல்பானது. அந்த முறையில் பவர்சேவ் என்ற கவர்னருக்கு (வேகத்தைத் தீர்மானிக்கும் கொள்கை) "குறைந்த வேகத்திலேயே கட்டிப்போடு" என்று அர்த்தமில்லை, செயல்திறன் முக்கியமா சிக்கனம் முக்கியமா என்பதை ஈபிபி என்ற விருப்பம்தான் சிப்புக்குச் சொல்கிறது. பழைய டிரைவருக்காக எழுதிய ஸ்கிரிப்ட் ஏதாவது வைத்திருந்தால் புதிய கர்னலில் அது வேறு விளைவைத் தரலாம். டிஎல்பியும், அதே வேலையைச் செய்யும் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனும் சேர்ந்து ஓடினால் ஒன்று வைத்ததை இன்னொன்று மாற்றும், இரண்டில் ஒன்றைத் தூக்கிவிடுங்கள்.

டாப்பில் கேவொர்க்கர் (கர்னலின் பின்னணி வேலைகள்) என்ற பெயர் விடாமல் மேலே நின்றால் ப்ராக் கோப்பகத்தின் இன்டரப்ட்ஸ் (சாதனங்கள் சிபியுவைக் கூப்பிடும் எண்ணிக்கை) கோப்பைச் சில வினாடி இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். ஏதாவது ஒரு வரி தாறுமாறாக ஏறினால் அந்த டிரைவர்தான். ஏசிபிஐ (ஃபர்ம்வேரும் கர்னலும் மின்நிர்வாகம் பேசிக்கொள்ளும் வழி) வரி ஏறினால் சிஸ் கோப்பகத்தின் ஃபர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் வழியாகப் போய் எந்த ஜிபிஈ (ஏசிபிஐ நிகழ்வு) எண் என்று பாருங்கள்.

மூடிவைத்த லேப்டாப் காலையில் காலியாகிறது என்பது தனி நோய். சிஸ் கோப்பகத்தின் பவர் கோப்புறையில் மெம் ஸ்லீப் கோப்பைப் படித்தால் எஸ்2ஐடில் (லேசான தூக்கம்), டீப் (ஆழ்ந்த தூக்கம்) என்ற இரண்டில் எது சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கிறதோ அதுதான் நடப்பில் உள்ளது. பழைய கர்னலில் டீப், புதியதில் எஸ்2ஐடில் என்றால் விஷயம் முடிந்தது. இரண்டிலும் எஸ்2ஐடில்தான் என்றால், 6.4-க்குப் பிந்தைய கர்னல்களில் அதே பவர் கோப்புறையின் சஸ்பெண்ட் ஸ்டாட்ஸுக்குள் லாஸ்ட் ஹெச்டபிள்யூ ஸ்லீப் என்றொரு கோப்பு இருக்கும், கடைசித் தூக்கத்தில் வன்பொருள் நிஜமாகவே எவ்வளவு நேரம் தூங்கியது என்று மைக்ரோவினாடியில் சொல்லும். அது சைபர் என்றால் மூடி மட்டும்தான் மூடியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடவில்லையென்றால் புத்தம்புதிய மெயின்லைன் (டிஸ்ட்ரோ மாற்றங்கள் இல்லாத மூல) கர்னலைப் போட்டுப் பாருங்கள், ஏற்கெனவே சரிசெய்திருக்கலாம். இல்லையென்றால் ஜிட் பைசெக்ட். இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே 14,000 மாற்றங்கள் இருந்தாலும் பாதி பாதியாகப் பிரித்தால் சுமார் 14 தடவையில் ஒரே மாற்றத்துக்கு வந்துவிடலாம். உங்கள் கணினியில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக் கட்டமைத்தால் கம்பைல் நேரம் வெகுவாகக் குறையும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கம்பைல், பூட், பத்து நிமிடக் காத்திருப்பு, பத்து நிமிட அளவு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், அவசரப்பட்டு ஒரு இடத்தில் தப்பாக "நல்லது" என்று சொல்லிவிட்டால் மொத்தமும் வீண்.

கர்னல் உருவாக்குநர்களுக்குப் புகார் எழுதும்போது லேப்டாப் மாடல், எந்தக் கர்னல் வரை சரி, எதிலிருந்து கெட்டது, இரண்டின் வாட் அளவு, அந்த மூன்று கோப்பு ஜோடிகள், இவை இருந்தால் போதும். என்விடியா மாட்யூல் இல்லாத நிலையிலும் கோளாறு வருகிறதா என்று கேட்பார்கள், முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்துகொண்டிருந்ததைப் புதிய கர்னல் கெடுக்கக்கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதக்காரர், அதற்கென்றே தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ் ரெக்ஸ்பாட் என்ற கருவியை வைத்து இப்படிப்பட்ட புகார்களைப் பின்தொடர்கிறார்.

திருத்தம் வரும்வரை எல்டிஎஸ் கர்னலில் இருப்பது நல்லது, பாதுகாப்புத் திருத்தங்களாவது வந்துகொண்டிருக்கும். வெறுமனே பழைய கர்னலைப் பூட்டிவைத்தால் அதுவும் நின்றுபோகும். பூட் ஆப்ஷன் ஏதாவது போட்டுச் சமாளித்திருந்தால் எதற்காகப் போட்டோம் என்று க்ரப் கோப்பிலேயே ஒரு வரி எழுதிவையுங்கள், திருத்தம் வந்ததும் முதலில் அதை எடுத்துவிட்டு அளக்க வேண்டும்.