எக்ஸோசோம் ஆய்வில் கையெழுத்திடுமுன் நேரும் தவறுகள்

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து குழந்தைப்பேறு சிகிச்சைக்காகக் கோவைக்கோ பாலக்காட்டுக்கோ பஸ் ஏறுகிறவர்களிடம் யாராவது ‘எக்ஸோசோம்’ பற்றிச் சொல்லக்கூடும். செல்கள் வெளியே விடுகிற, ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள நுண்குமிழ்கள் இவை, புரதங்களையும் ஆர்.என்.ஏ.வையும் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்கின்றன. ஸ்டெம் செல்களிலிருந்து (பலவகைச் செல்களாக மாறவல்ல மூலச் செல்கள்) எடுத்த குமிழ்கள், மெலிந்துபோன கருப்பை உள்வரியையோ முன்கூட்டியே ஓய்ந்துவரும் சூலகத்தையோ மீட்க உதவுமா என்று ஆராய்ந்து வருகிறார்கள்.

ஆராயப்படுவதைத் தேறிவிட்ட சிகிச்சை என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. இதுவரை கிடைத்துள்ள நம்பிக்கை பெரும்பாலும் எலிகளிடமிருந்து வந்தது. உள்வரி ஒரு மில்லிமீட்டர் தடித்ததைக் காட்டும் ஸ்கேன் படம் மனத்தை மயக்கும். ஆனால் கேட்க வேண்டியது எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது, அதே காலத்தில் இந்த மருந்தைப் பெறாதவர்களில் எத்தனை பேருக்குப் பிறந்தது என்பதையே. சொந்த ரத்தத்திலிருந்து எடுக்கும், பிளேட்லெட்டுகள் செறிந்த பிளாஸ்மாவான பி.ஆர்.பி.யும் இதுவும் ஒன்றல்ல.

உயிருள்ள செல் இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்று எண்ணுவது அடுத்த தவறு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் அங்கீகாரமற்ற எக்ஸோசோம் மருந்துகளைப் பெற்ற சிலருக்குக் கடுமையான பாதிப்புகள் ஏற்பட்டதால், அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2019 டிசம்பரில் பொது எச்சரிக்கை விடுத்தது.

எல்லைப்பகுதிக்கே உரிய தவறு ஒன்று உண்டு. தமிழ் மீடியத்தில் படித்த நம் ஊர்ப் பெண்கள் பலர் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், எழுத்துக்கூட்டி வாசிப்பதற்கு மட்டும் தடுமாறுவார்கள். ‘சம்மதபத்ரம்’ (ஒப்புதல் படிவம்) என்று மலையாளத்தில் ஒரு தாளை நீட்டும்போது, அதில் ‘கவேஷணம்’ என்றிருப்பதன் பொருள் ஆராய்ச்சி என்று தெரியாமலே, மாமியார் பக்கத்தில் நிற்கிற கூச்சத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பங்கேற்பவருக்குப் புரிகிற மொழியில்தான் ஒப்புதல் படிவம் இருக்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் சொல்வது. தமிழ்ப் படிவம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படிவத்தில் ‘சி.டி.ஆர்.ஐ.’ என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகள் பதிவாகும் அப்பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எண்ணும் இல்லை, நெறிமுறைக் குழுவின் பெயரும் இல்லை, ஊசிக்கு மட்டும் விலை இருக்கிறது என்றால் அது ஆய்வே அல்ல, வியாபாரம். ஆய்வுக்கென ஆகும் செலவைப் பங்கேற்பவர் தலையில் கட்டக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் கூறுகின்றன. ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் விதிப்படி உண்டு.

வயது முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் வழக்கமான ஐ.வி.எஃப். சுழற்சியை இதற்காகத் தள்ளிப்போடலாமா என்பதைத் தங்கள் மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்; ஓராண்டுக் காத்திருப்பு அந்த வயதில் சிறிய இழப்பல்ல. கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் இருக்கும் அதே ஃபைலில் வையுங்கள்.