ஹுலி பேடா, ஜிங்கெ சாக்கு: சென்னையிலிருந்து பந்திப்பூருக்கு மான் படம் எடுக்கப் போவது எப்படி

மிச்சிகனில் இருக்கும் என் அத்தை மகன் நவம்பர் வந்தால் வில்லைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஒஹாயோவுக்குப் போய்விடுவான், வெள்ளைவால் மான் வேட்டைக்கு. வெளிமாநிலத்து ஆள் என்பதால் உள்ளூர்க்காரர்களைவிட அதிகப் பணம் கட்டி லைசென்ஸ், மரத்தின் மேல் பெல்ட் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்காரல், மான் இருபது முப்பது கஜத்துக்குள் வந்தால்தான் அம்பு. நமக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது, முடிந்ததும் நல்லதுதான். ஆனால் அவனிடம் போனில் பேசிப் பேசி நான் கற்றுக்கொண்ட பாதி விஷயம் கேமராவோடு மான் பார்க்கப் போகும்போது அப்படியே உதவுகிறது. கர்நாடகத்தில் இருக்கும் பந்திப்பூர் புலிகள் காப்பகத்துக்கு மூன்று முறை போய் வந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் எப்போது போவது. எல்லோரும் டிசம்பர் லீவில் போகிறார்கள், குளிராக இருக்கும், சரி, ஆனால் அந்தச் சமயத்தில் நிறைய கடாக்களுக்கு, அதாவது ஆண் மான்களுக்கு, கொம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், மேலே வெல்வெட் மாதிரி தோல் போர்த்தியிருக்கும். நன்றாக முற்றிய கொம்போடு புள்ளிமான் கடாக்கள் முட்டிக்கொள்வதைப் பார்க்க வேண்டும் என்றால் மே மாதம்தான் என் ஓட்டு. கோடைமழை இரண்டு பெய்து புல் துளிர்த்திருக்கும், கூட்டம் கூட்டமாக வெளியே வந்து மேயும். வெயிலைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ரயில் டிக்கெட் போடும் முன் சஃபாரி ஓடுகிறதா என்று பாருங்கள். 2025 நவம்பரில் புலி தாக்கி ஆட்கள் இறந்ததை அடுத்து பந்திப்பூர், நாகரஹொளே இரண்டிலும் சஃபாரியையே நிறுத்தி வைத்தார்கள், அந்தச் சமயத்தில் ரூம் போட்டவர்கள் பாடு திண்டாட்டம். சஃபாரி உறுதியானதும் ரயில். சென்ட்ரலில் ராத்திரி காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மைசூரு, அங்கிருந்து பந்திப்பூர் எண்பது கிலோமீட்டர் சொச்சம், நஞ்சன்கூடு, குண்டுலுப்பேட்டை வழியாக. டிபன் சாப்பிட்டுக் குளித்து மதிய சஃபாரிக்குத் தாராளமாகப் போகலாம். காரில் போகிறவர்கள் ஒன்றை ஞாபகம் வையுங்கள்: காட்டுக்குள் போகும் நெடுஞ்சாலை ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், கெஞ்சினாலும் விடமாட்டார்கள். சஃபாரி வண்டி பந்திப்பூரில் கிளம்பும் என்று நேரே போய்விடாதீர்கள், குண்டுலுப்பேட்டைப் பக்கத்தில் மேலுகாமனஹள்ளியில்தான் கவுண்டர். அடையாள அட்டை ஒரிஜினல் வேண்டும். பெரிய லென்ஸ் என்றால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, மறைத்துக் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள், கேவலமாகிவிடும்.

லென்ஸ் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். 100-400 மிமீ ஜூம் போதும், 150-600 இருந்தால் ஆசைக்கு நல்லது, ஆனால் ஜீப்பில் ஆறு பேருக்கு நடுவில் அதைத் திருப்புவதற்குள் மான் குட்டி போட்டுவிடும். முக்காலியை வீட்டிலேயே விடுங்கள். ஜிப் வைத்த ஒரு துணிப்பையைக் காலியாக எடுத்துப் போய், குண்டுலுப்பேட்டையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி அதில் போட்டால் அதுதான் உங்கள் ஸ்டாண்டு. ஜீப் கம்பிமேல் வைத்து லென்ஸை அழுத்தினால் அசையாது. ஊர் திரும்பும்போது அரிசியைத் தங்கும் இடத்துச் சமையல்காரரிடம் கொடுத்துவிடலாம், அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

புது லென்ஸோடு நேராகக் காட்டுக்குப் போகாதீர்கள். கிண்டி எதற்கு இருக்கிறது? சிறுவர் பூங்காவில் ஒரு காலை உட்காருங்கள், புள்ளிமான் கிடைக்கும். இதே கிண்டியில் இருக்கும் வெளிமான் உண்மையில் மானே இல்லை, இரலை, அதாவது ஆன்டிலோப். மானுக்குக் கொம்பு வருஷா வருஷம் விழுந்து முளைக்கும், இரலைக்கு விழாது. அங்கே பழக வேண்டியது ஒன்றே ஒன்று, மரநிழலில் நிற்கும் மானின் கண்ணில் ஃபோகஸ் வைப்பது. நிழல் இருட்டு என்று கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெயில் பட்ட வெள்ளைப் புள்ளிகள் வெளுத்துப்போகும், அதனால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். ஷட்டர் வேகம் நிற்கும் மானுக்கு 1/250 நொடி, முட்டும் மானுக்கு 1/1000க்குக் குறையாமல், அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 போனாலும் பரவாயில்லை. சொரசொரப்பான படத்தைச் சரிசெய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

உடை விஷயத்தில் மச்சான் சொன்னது எனக்கு ஆச்சரியம். அமெரிக்காவில் துப்பாக்கி சீசனில் பளீர் ஆரஞ்சில் சட்டை போட்டுக்கொண்டு காட்டில் நிற்பார்கள், மற்ற வேட்டைக்காரர்கள் சுட்டுவிடக் கூடாது என்று. மானுக்கு அந்த ஆரஞ்சு தனியாகத் தெரியாது, ஆனால் நீலம் நன்றாகவே தெரியும். ஆக நாம் எல்லோரும் யோசிக்காமல் போட்டுக்கொண்டு போகும் ஜீன்ஸ்தான் தப்பான உடை. காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை போதும். மிலிட்டரி டிசைன் சட்டை வேண்டாம், ஜீப்பில் உட்கார்ந்து யாரிடமிருந்து ஒளியப் போகிறீர்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். பந்திப்பூருக்கு வருகிறவர்கள் எல்லோரும் புலிக்குத்தான் வருகிறார்கள். முதல் முறை நான் பஸ் சஃபாரியில் போனேன், இரண்டு கடாக்கள் பத்தடி தூரத்தில் கொம்பு கோத்து நிற்கின்றன, டிரைவருக்கு எங்கோ புலி என்று தகவல் வந்தது, அவ்வளவுதான், பறந்துவிட்டார். என் கார்டில் இருந்தது ஒரு மானின் பின்பக்கம், பாதி ஜன்னல் கம்பி. அதனால் முடிந்தால் மான் பைத்தியங்களாக நாலைந்து பேர் சேர்ந்து முழு ஜீப்பையே போடுங்கள். ஏறினதும் டிரைவரிடம் சொல்லிவிட வேண்டும். அங்கே பலருக்கும் தமிழ் வரும், இருந்தாலும் "அண்ணா, ஹுலி பேடா, ஜிங்கெ சாக்கு" என்று கன்னடத்தில் சொல்லிப் பாருங்கள், புலி வேண்டாம், மான் போதும் என்று அர்த்தம். நான் சொன்னபோது அவர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "நிஜமாவா சார்?" என்று தமிழில் கேட்டார். அப்புறம் அன்று அவர் கூட்டிப்போன இடங்களைப் புலி தேடும் வண்டி எட்டிக்கூடப் பார்க்காது.

மான் கூட்டத்தைப் பார்த்ததும் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், அந்த நடுக்கம் படத்தில் அப்படியே தெரியும். பிறகு சும்மா இருங்கள். நம் வண்டி வந்ததும் எல்லாம் தலை தூக்கும், அந்த நிமிஷம் எல்லோரும் கிளிக் கிளிக் என்று அடிப்பார்கள், எல்லாப் படத்திலும் மான் நம்மையே முறைக்கும். ஐந்து நிமிஷம் கழித்து அவை நம்மை மறந்து தலை குனியும், அதற்குப் பிறகு எடுங்கள். சாம்பல் மந்திகள் மரத்தில் இருந்தால் இன்னும் நல்லது, அவை தின்று உதிர்க்கும் இலைக்கும் காய்க்கும் மான்கள் அடியில் வந்து கூடும். கடா பின்னங்காலில் எழுந்து நின்று கிளையில் தலையைத் தேய்க்கும் காட்சி கிடைத்தால் நிறுத்தாமல் அழுத்துங்கள், சில நொடிதான். மான் முன்காலால் தரையைத் தட்டி, வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டி, ஒற்றையாகக் கூவினால் எதையோ பார்த்துவிட்டது என்று அர்த்தம். அந்த வால் வெள்ளைதான் மச்சானின் மானுக்கும் பெயர் கொடுத்தது. மான் பார்க்கும் திசையிலேயே நீங்களும் பாருங்கள். புலி வேண்டாம் என்றவனுக்குத்தான் புலி வந்தது எனக்கு, அந்தப் படம் ஆடிவிட்டது, அது வேறு கதை.

வண்டியை விட்டு இறங்காதீர்கள், நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி மானுக்கு பிஸ்கட் போடாதீர்கள், அபராதம் போடுவார்கள். கீழே கிடக்கும் கொம்பை ஞாபகத்துக்கு எடுத்து வருவதும் குற்றம்தான், தானாக விழுந்ததாக இருந்தாலும்.

திரும்பியதும் ராத்திரியே கார்டை காப்பி செய்துவிட்டுத் தூங்குங்கள். லென்ஸ் கொடுக்கும் நாளில் பைக்குள் ஒரு அரிசி மணி இருந்தாலும் கடைக்காரர் அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டி டெபாசிட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார், அதனால் ஒரு பிரஷ் வாங்கி நன்றாகத் தட்டிவிட்டுப் போங்கள்.