மண்ணுக்குள் இருக்கும் காப்பர் பைப்பில் நீலக் குழாயை இணைப்பது எப்படி?

இங்கே இங்கிலாந்தில் பழைய வீடுகளின் தோட்டத்தைத் தோண்டினால் பச்சை பிடித்த அரை அங்குலக் காப்பர் பைப் தட்டுப்படும். தெருவிலிருந்து வீட்டுக்குக் குடிநீர் வருவது அதில்தான். அது கசிய ஆரம்பித்தால், கெட்ட பகுதியை வெட்டிவிட்டு 25 மி.மீ. நீல பிளாஸ்டிக் குழாயை இணைக்கலாம்.

கடைக்குப் போகும் முன் ஒரு விஷயம். சிங்க்குக்குக் கீழே போடும் சாதாரண பித்தளை காம்ப்ரெஷன் ஃபிட்டிங்கை (நட்டை இறுக்கிப் பைப்பைப் பிடிக்கும் இணைப்பு) மண்ணுக்குள் புதைக்க விதி அனுமதிப்பதில்லை. மண் அசைந்தால், அதற்குள் பைப்பைக் கவ்வியிருக்கும் 'ஆலிவ்' என்ற உலோக வளையத்தின் பிடி நழுவி, பைப் உருவிக்கொண்டு வந்துவிடும். வெவ்வேறு வகைக் குழாய்களைச் சேர்க்கும், நிலத்தடிக்கு ஒப்புதல் பெற்ற யுனிவர்சல் கப்ளிங் என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இதில் மட்டும் துணிச்சல் வேண்டாம். சில பழைய வீடுகளில் மின்சார எர்த்துக்கும் இந்தப் பைப்பையே நம்பியிருப்பார்கள். நடுவில் பிளாஸ்டிக் வந்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். வெட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. தெருப்பக்கத்து வால்வை மூடி, சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள்.

2. பைப்பைச் சுற்றிக் கையால் தோண்டுங்கள். அடியிலும் ஒரு சாண் பள்ளம் வேண்டும். இல்லாவிட்டால் சேற்றுத் தண்ணீர் பைப்புக்குள் போய்விடும்.

3. ரம்பம் வேண்டாம், சக்கரக் கட்டரால் வெட்டுங்கள். உள்விளிம்பில் நிற்கும் பிசிறை வழித்தெடுங்கள்.

4. எமரி துணியால் பச்சை போய்ச் செம்பு பளிச்சிடும்வரை தேயுங்கள். நகத்தால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள். கீறலோ குழியோ தட்டினால் இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டுங்கள். முதல் முறை நான் ஒரு சின்னக் கீறலை 'பரவாயில்லை' என்று விட்டேன். மறுநாளே முழுதும் தோண்ட வேண்டியதாயிற்று.

5. எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று மார்க்கரால் கோடு போட்டு, கப்ளிங்கை அதுவரை தள்ளி இறுக்குங்கள். நீலக் குழாயின் வாய்க்குள், உள்ளிருந்து தாங்கும் லைனர் என்ற சின்னக் குழாயைச் செருக மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் இறுக்கும்போது குழாய் நசுங்கும்.

6. வால்வை மெதுவாகத் திறந்து, மூட்டைக் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் ஒற்றுங்கள்.

மூடும்போது முதலில் கல் இல்லாத மணல், அப்புறம் மண். குழாய்க்கு மேல் குறைந்தது 750 மி.மீ. மண் இருக்க வேண்டும், இல்லையென்றால் பனிக்காலத்தில் உறைந்துவிடும். மூடும் முன் சுவரிலிருந்து மூட்டு எத்தனை அடி என்று அளந்து, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.