மௌனத் திகில் படங்களுக்கு மேடையில் இசை வாசிப்பது எப்படி

பயிற்சியைத் தொடங்குவதற்கு முன், திரையிடப்போகும் பிரதியையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே படத்திற்கு வெவ்வேறு நீளமுள்ள பிரதிகள் உண்டு. ஓட்டும் வேகமும் மாறும். நொடிக்கு 18 பிரேம் வேகத்தில் 80 நிமிடம் ஓடும் படம், 24 பிரேம் வேகத்தில் 60 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால், வேறு பிரதியை வைத்துச் செய்த பயிற்சி மேடையில் கைகொடுக்காது.

முதல்முறை இசைக்கருவியைத் தொடாமல் படத்தைப் பாருங்கள். இரண்டாம் முறை, காட்சி மாறும் இடங்களையும், இடையிடையே வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டைகளையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். 1922இல் ஜெர்மானிய இயக்குநர் முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' வெளியானபோது ஹான்ஸ் எர்ட்மன் அதற்கென்றே இசையமைத்திருந்தார். அதில் பெரும்பகுதி தொலைந்துவிட்டதால், இன்று அந்தப் படத்திற்கு வாசிப்பவர் தமக்கென ஓர் இசையை உருவாக்கிக்கொள்ளும் உரிமை உடையவர் என்றே நான் கருதுகிறேன். அப்படத்தின் இரவுக் காட்சிகள் பல பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டு, நீலச் சாயம் ஏற்றி இரவாக்கப்பட்டவை. சாயமில்லாத பிரதி கிடைத்தால், கீழ் ஸ்தாயியில் நீண்டு ஒலிக்கும் ஸ்வரங்களால் அந்த இருளை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

பயத்தை இசை முந்திச் சொல்லிவிடக் கூடாது. இதுதான் மிகக் கடினமான பாடம். 1925இல் வெளியான 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபெரா'வில், முகமூடி அணிந்த ஃபாண்டமாக நடிக்கும் லான் சேனி ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து நாயகி தயங்கித் தயங்கிக் கையை நீட்டி முகமூடியைப் பறிக்கிறாள். அவளுடைய தயக்கத்தைத் தொடர்ந்து நீங்களும் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால், முகம் தெரியும் முன்பே திகில் தீர்ந்துபோகும். ஆகவே அவன் விரல்கள் வாசிப்பதை மட்டும், எதுவும் அறியாதவனின் அமைதியோடு வாசித்து, முகமூடி கழன்ற கணத்தில் கையை எடுத்துவிடுங்கள். அந்த முகத்தை முதலில் பார்ப்பவர்கள் நாம். அவன் திரும்பிய பிறகே அவள் பார்க்கிறாள். இவ்விரு கணங்களுக்கும் இடையே அரங்கம் முழு நிசப்தத்தில் இருக்கட்டும். அவள் பார்த்த பிறகு இசை மீண்டும் எழட்டும்.

ஒரு பாத்திரத்திற்கு நான்கைந்து ஸ்வரங்கள் கொண்ட சிறு மெட்டு போதும். அதை முதலில் மெல்லக் காட்டிவிட்டு, பாத்திரம் திரையில் இல்லாதபோதும் ஓரிருமுறை மட்டும் தொட்டுச் செல்லுங்கள். திறமையைக் காட்டும் வேகமான சங்கதிகள் பார்வையாளரின் கண்ணைத் திரையிலிருந்து உங்கள் பக்கம் இழுத்துவிடும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

குறிப்புத்தாள் மீது விழும் விளக்கொளி திரையை எட்டாதபடி மறைப்பு வைத்து, கழுத்தைத் திருப்பாமலே திரை தெரியும் இடத்தில் அமருங்கள்.