ஃபார்மேட் அடிக்காமல் விண்டோஸ் 11: பனியன் கம்பெனி ஆபீஸில் 17 கணினிகளுக்கு நான் செய்த முறை

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றது. அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 20. திருப்பூரில் தீபாவளிக்கு முந்தைய வாரம் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் போனஸ் கணக்கு, இன்னொரு பக்கம் பண்டிகைக்குள் அனுப்பியாக வேண்டிய ஷிப்மெண்ட். அந்த நேரத்தில் யாரிடமும் போய், "கொஞ்சம் எந்திரிங்க, விண்டோஸ் மாத்தணும்" என்று கேட்க முடியாது.

நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸில் 23 கணினிகள். அதில் விண்டோஸ் 11-க்குத் தேறியவை 17. செப்டம்பர் கடைசியில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். ஆட்கள் ஊருக்குப் போன தீபாவளி விடுமுறையில் மற்ற 16-ஐச் செய்தேன். இந்த 17-ல் ஒன்றைக்கூட ஃபார்மேட் அடிக்கவில்லை, அதாவது டிஸ்க்கை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடவில்லை. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் கணினிக்கு என்ன கோளாறு வந்தாலும் முதலில் கேட்பது "ஃபார்மேட் அடிச்சரலாங்க" என்பதைத்தான். நான் அதற்கு எதிரி. எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்காவின் கணினியில் கணக்கு எழுதும் டேலி மென்பொருளின் லைசென்ஸ் இருக்கிறது, ஜிஎஸ்டிக்குக் கையெழுத்திடும் டிஎஸ்சி டோக்கனின் டிரைவர் இருக்கிறது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அவரே பல நாள் முயன்று சரிசெய்த பேப்பர் அளவு இருக்கிறது, பழைய கடிதங்களுக்கான பாமினி எழுத்துரு இருக்கிறது. "ஏனுங் தம்பி, எல்லாம் இருக்கறபடியே இருக்குமுங்களா?" என்று அவர் கேட்டது அதையெல்லாம் நினைத்துத்தான். இருந்தபடியே இருக்க வேண்டும் என்றால் விண்டோஸ் 10-க்கு மேலேயே விண்டோஸ் 11-ஐ ஏற்ற வேண்டும்.

நாள் பார்ப்பது

மாதம்தோறும் கடைசி நாட்கள் இவை: 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15-ம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. அதுவரை அக்கவுண்ட்ஸ் கணினியைத் தொடாதீர்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம், அன்றைக்குச் சம்பளக் கணினி வேண்டாம். மீதி ஞாயிற்றுக்கிழமைகள்தான். உங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று நாளிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி பத்து நிமிடமாவது தாங்குகிறதா என்றும் பாருங்கள்.

கேபினெட்டைத் திறந்து பஞ்சுத்தூசியை எடுத்துவிடுங்கள். தையல் யூனிட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினியில் புராசஸர் விசிறி பஞ்சால் மூடிக் கிடக்கும். மேம்படுத்தும்போது புராசஸருக்கு வேலை அதிகம், சூடேறி நடுவில் அணைந்துவிட்டால் தலைவலி. யூனிட்டில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை அடிக்காதீர்கள், அதில் ஈரம் வரும். தனி புளோயர் நல்லது.

எது தேறும், எது தேறாது

விண்டோஸ் 11-க்கு 8-ம் ஜெனரேஷன் அல்லது அதற்கு மேல் இன்டெல் (சில 7-ம் ஜெனரேஷன் விதிவிலக்குகள் உண்டு), ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசை முதல், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி), செக்யூர் பூட் வசதியுள்ள யூஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் புதிய முறை, பழையதன் பெயர் லெகசி), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். 4 ஜிபி ராமில் ஏறும், ஆனால் வேலை செய்ய முடியாது. 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் இல்லாத கணினியில் முதலில் அவற்றைப் போடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு விண்டோஸ் 11 மெதுவாக இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஒவ்வொரு கணினியிலும் ஸ்டார்ட் மெனுவில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து பயாஸ் மோடு 'யூஇஎஃப்ஐ' என்றிருக்கிறதா 'லெகசி' என்றிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதேபோல டிபிஎம்.எம்எஸ்சி. அதில் டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே நம்பாதீர்கள். அசெம்பிள் செய்த கணினிகளில் பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அமைப்புத் திரை) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் இருக்கும். அதை ஆன் செய்தால் போதும்.

பயாஸில் கை வைப்பதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துவிட்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க எண் கேட்டு நிற்கும்.

எங்கள் 23-ல் 6 பழையவை. மீதி 17-ல் 8 ஏற்கெனவே யூஇஎஃப்ஐ. 9 லெகசி. என் நேரத்தையெல்லாம் தின்றது இந்த ஒன்பதுதான்.

பேக்கப்

குளோன்ஜில்லா என்ற மென்பொருளால் முழு டிஸ்க்கையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் இலவசம், என்னை ஒருமுறையும் கைவிட்டதில்லை. டேலி டேட்டாவைத் தனியாகவும் டேலியின் பேக்கப் வசதியில் எடுத்து வையுங்கள். மதர்போர்டை மாற்றப் போகிறீர்கள் அல்லது ஃபார்மேட் அடித்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் டேலி லைசென்ஸை முன்கூட்டியே சரண்டர் செய்யுங்கள். மேலேயே ஏற்றும்போது எங்களுக்கு லைசென்ஸ் அப்படியே இருந்தது.

எம்பிஆரிலிருந்து ஜிபிடி: நான் சிக்கிய இடம்

எம்பிஆர், ஜிபிடி இரண்டும் டிஸ்க்கைப் பகுதிகளாகப் (பார்ட்டிஷன்) பிரித்து வைக்கும் முறைகள், எம்பிஆர் பழையது. லெகசி முறையில் போட்ட விண்டோஸின் டிஸ்க் எம்பிஆர் வகையில் இருக்கும். பயாஸில் நேராக யூஇஎஃப்ஐ என்று மாற்றினால் கணினி எழாது. முதலில் டிஸ்க்கை ஜிபிடி வகைக்கு மாற்ற வேண்டும். அதற்கு விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது, டேட்டா அழியாது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆங்கில எழுத்தில் இப்படி தட்டுங்கள்: எம்பிஆர்2ஜிபிடி, இடைவெளி, ஸ்லாஷ் வேலிடேட், இடைவெளி, ஸ்லாஷ் அலோஃபுல்ஓஎஸ். கடைசியில் இருப்பது மூன்று சொல்லையும் ஒட்டி எழுதுவது. இது சோதனை மட்டும், எதையும் மாற்றாது. வெற்றி என்று வந்தால் வேலிடேட் என்ற இடத்தில் கன்வர்ட் என்று தட்டினால் மாற்றிவிடும்.

எனக்கு நான்கு கணினிகளில் வெற்றி என்று வந்தது. ஐந்தில் "டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன் ஃபெயில்டு" என்று ஒரே வரி. காரணம் எதுவும் திரையில் இல்லை. இரண்டு இரவு இதிலேயே போனது. டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று சோதித்தேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கும் செட்டப்ஆக்ட்.லாக் கோப்பைத் திறந்து படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

இந்தக் கருவிக்கு எம்பிஆர் டிஸ்க்கில் அதிகபட்சம் மூன்று பிரைமரி பார்ட்டிஷன்தான் இருக்கலாம், எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (வேறு டிரைவ்களைத் தனக்குள் வைத்திருக்கும் பகுதி) இருக்கவே கூடாது. நம் ஊரில் கணினி அசெம்பிள் செய்து கொடுப்பவர்கள் சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். அந்த டி-யும் இ-யும் பல நேரம் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் லாஜிக்கல் டிரைவாக உட்கார்ந்திருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். டி, இ இரண்டையும் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் இருந்தால் அதுதான்.

செய்ய வேண்டியது:

1. டி, இ இரண்டிலும் உள்ளதை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நான்கைந்து கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். டி-யில் எந்தெந்த ஃபோல்டர் ஷேரில் இருக்கிறது, யாருக்கு அனுமதி என்பதையும் எழுதி வையுங்கள்.

2. டிஸ்க் மேனேஜ்மென்டில் இரண்டு டிரைவையும் நீக்குங்கள். இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. பச்சைக் கட்டம் காலியாக அப்படியே நிற்கும், அதன்மேலும் வலது கிளிக் செய்து நீக்குங்கள். கறுப்புப் பட்டை வந்தால்தான் எக்ஸ்டெண்டட் போய்விட்டது என்று அர்த்தம்.

3. மறுபடி வேலிடேட், பிறகு கன்வர்ட்.

4. ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய், பழைய லெகசி முறைக்கு இடம் தரும் சிஎஸ்எம்-ஐ அணைத்து, யூஇஎஃப்ஐ-க்கு மாற்றி, முதல் பூட்டாக 'விண்டோஸ் பூட் மேனேஜர்' தேர்ந்தெடுங்கள். இதை மறந்தால் கறுப்புத் திரையில் "பூட் டிவைஸ் இல்லை" என்று வரும். பயப்பட வேண்டாம், டேட்டா எங்கும் போகவில்லை, பயாஸ் இன்னும் பழைய முறையில் தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

5. விண்டோஸ் எழுந்ததும் காலி இடத்தில் டி, இ டிரைவ்களை அதே எழுத்தில் திரும்ப உருவாக்கி, டேட்டாவைத் திருப்பிப் போடுங்கள். எழுத்து மாறினால் டேலி தன் டேட்டா பாதையைக் கண்டுபிடிக்காது. ஷேரையும் அனுமதியையும் மறுபடி வையுங்கள்.

நகலெடுக்காமலே லாஜிக்கலைப் பிரைமரியாக மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அடுத்தவர் கணக்கு இருக்கும் டிஸ்க்கில் நான் அவற்றை ஓட்ட மாட்டேன். நகலெடுக்க இரண்டு மணி நேரம் ஆனால் ஆகட்டும்.

ஒரு கணினியில் கன்வர்ட் முடிந்து கடைசியில் விண்டோஸ் ரெக்கவரி வசதிக்கான 'ரீஏஜென்ட்' கோப்பைப் புதுப்பிக்க முடியவில்லை என்று வந்தது. ரீஏஜென்ட்சி ஸ்லாஷ் டிசேபிள், பிறகு ரீஏஜென்ட்சி ஸ்லாஷ் எனேபிள் என்று இரண்டு கட்டளை கொடுத்ததும் சரியாகிவிட்டது.

ஏற்றுவது

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை ஒரே ஒரு முறை இறக்கி, எல்லாக் கணினிக்கும் அதையே பயன்படுத்துங்கள். கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்கும், அதனால் எஃப்ஏடி32 வகைப் பென் டிரைவில் ஏறாது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் கணினிக்குள் நகலெடுத்து டபுள் கிளிக் செய்தால் ஒரு டிரைவாகத் திறக்கும். செட்டப்பை ஓட்டி, அப்டேட்டை இப்போது இறக்க வேண்டாம் என்று சொல்லி, "கோப்புகளையும் ஆப்களையும் வைத்திரு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். ஆன்டிவைரஸ் தனியாகப் போட்டிருந்தால் முதலில் நீக்குங்கள். எஸ்எஸ்டி இருந்த கணினிகளில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது.

முதல் கணினியாக யாரும் உட்காராத ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பலர் செய்வது. நான் மெர்ச்சண்டைசர் கணினியை எடுத்தேன், அவரிடம் கேட்டுக்கொண்டுதான். பிரிண்டர், ஷேர், மெயில், டேலி எல்லாம் அதில் ஓடும். சும்மா கிடக்கும் கணினியில் எந்தக் கோளாறும் தெரியாது.

பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போக 10 நாள்தான் அவகாசம். ஏற்றி முடித்தவுடன் டிஐஎஸ்எம் கட்டளையில் இதை 60 நாள் வரை நீட்டிக்கலாம்: டிஐஎஸ்எம் ஸ்லாஷ் ஆன்லைன் ஸ்லாஷ் செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ ஸ்லாஷ் வேல்யூ:60. ஒரு முழு ஜிஎஸ்டி சுற்று முடிந்து பார்க்காமல் எந்த அக்கவுண்ட்ஸ் கணினியும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதற்கு 10 நாள் போதாது.

நான் ஏற்றியது விண்டோஸ் 11-இன் 24எச்2 என்ற வெளியீடு. 25எச்2 அப்போதுதான் 2025 செப்டம்பர் 30-ல் வந்திருந்தது. இப்போது தொடங்குபவர்கள் நேராக 25எச்2-க்குப் போங்கள். புரோ பதிப்பில் 24எச்2-க்கு 2026 அக்டோபர் 13 வரை, 25எச்2-க்கு 2027 அக்டோபர் 12 வரை ஆதரவு. அடுத்த பதிப்பு தானாக வந்து ஷிப்மெண்ட் நாளில் உட்கார்ந்துகொள்ளாமல் இருக்க, புரோ கணினிகளில் குரூப் பாலிசியில் (விண்டோஸுக்கு விதிகள் வைக்கும் இடம்) விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போய், 'டார்கெட் ஃபீச்சர் அப்டேட் வெர்ஷன்' என்பதில் விண்டோஸ் 11, 25எச்2 என்று எழுதி நிறுத்தி வையுங்கள். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் வழக்கம்போல வரும்.

ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை என்றால்

ஏற்றிய மறுநாள் எனக்கு வந்த முதல் போன் இதுதான். டேலி டேட்டா இருக்கும் கணினியின் ஃபோல்டர் திறக்கவில்லை, "கெஸ்ட் அனுமதி தடுக்கப்பட்டுள்ளது" என்கிற மாதிரி செய்தி. சின்ன ஆபீஸ்களில் கடவுச்சொல் இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டு ஷேர் வைப்பது வழக்கம். 24எச்2 புரோவில் அந்த மாதிரி கெஸ்ட் இணைப்பு ஏற்கப்படாது, ஃபோல்டர் பகிரும் எஸ்எம்பி முறையில் டிஜிட்டல் கையொப்பமும் கட்டாயம்.

இந்தத் தடையை அணைத்துவிடும் வழியை இணையத்தில் காட்டுவார்கள். செய்யாதீர்கள். டேட்டா இருக்கும் கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, ஷேரில் 'எவ்ரிஒன்' என்பதை எடுத்துவிட்டு அந்தப் பயனரைச் சேருங்கள். மற்ற கணினிகளில் கிரெடென்ஷியல் மேனேஜரில் (விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமிக்கும் இடம்) அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை பதிந்தால் போதும். நிஜத்தில் இது பல வருடம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. மொத்தக் கணக்கும் வைஃபை கடவுச்சொல் தெரிந்த எவருக்கும் திறந்து கிடந்தது.

தேறாத ஆறு

விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஓட்டை போட்டு பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏற்றும் வழி எனக்கும் தெரியும். கம்பெனி கணினியில் செய்யவில்லை, அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. காசு கட்டி விண்டோஸ் 10-ஐத் தொடர நிறுவனங்களுக்கு இஎஸ்யூ திட்டம் இருக்கிறது: முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர், ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு. மூன்று வருடத்துக்கு 427 டாலர், 37 ஆயிரம் ரூபாய் அளவுக்கு. அந்தக் காசில் தாராளமாக நல்ல செகண்ட் ஹேண்ட் கணினி வாங்கலாம் என்று முதலாளியிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்றுக்குப் பதில் வாங்கிக் கொடுத்தார். கேட் என்ட்ரி, ஸ்டோர் இரண்டிலும் பிரவுசர் மட்டும்தான் வேண்டும், லினக்ஸ் மின்ட் போட்டேன். பேட்டர்ன் மார்க்கர் கணினி டாங்கிளோடும் (மென்பொருள் லைசென்ஸுக்கான யூஎஸ்பி) பிளாட்டரோடும் (பெரிய தாளில் வரையும் இயந்திரம்) கட்டிப்போட்டது, அதை இணையத்திலிருந்து பிடுங்கிவிட்டு விண்டோஸ் 10-லேயே விட்டிருக்கிறேன். கோப்புகள் பென் டிரைவில்தான் போகின்றன, அந்தப் பென் டிரைவை வேறு எதிலும் செருகக் கூடாது என்று அதன்மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பிறகு சேர்த்தது

ஈரோட்டிலிருந்து ஒருவர், "கோப்புகளையும் ஆப்களையும் வைத்திரு" என்பது மங்கலாகத் தெரிகிறது, தேர்ந்தெடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். இறக்கிய ஐஎஸ்ஓவின் மொழி வேறு. அவர் கணினியில் இருந்தது இண்டர்நேஷனல் ஆங்கிலம், இறக்கியது அமெரிக்க ஆங்கிலம். விண்டோஸ் இரண்டையும் தனி மொழியாகத்தான் பார்க்கும். பொருத்தமானதை இறக்கியதும் சரியானது.

பொள்ளாச்சியிலிருந்து இன்னொருவருக்கு, சிஎஸ்எம்-ஐ அணைத்ததும் திரையே வரவில்லை. டிசைன் கணினியில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு, அதற்கு யூஇஎஃப்ஐ தெரியாது. கார்டைக் கழற்றி, மானிட்டரை மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் செருகச் சொன்னேன், வந்துவிட்டது. தனிக் கார்டு இருக்கும் கணினிகளில் பயாஸை மாற்றும் முன் கார்டின் வயதைப் பாருங்கள்.