பழைய ஃபியட் வாங்கப் போகிறீர்களா? முதலில் மெக்கானிக்கைத் தேடுங்கள்

2019-ஆம் ஆண்டின் இறுதியில் நான் வாங்கிய, இத்தாலிய நிறுவனமான ஃபியட்டின் லீனியா காருக்கு, முதல் நான்கு மாதத்தில் மூன்று ஷெட் மாறினேன். மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. சமதளத்தில் ஓடும், பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரைக்கும் சுகமாகப் போகும். பாலத்தில் ஏறினால் மூச்சு வாங்கும். முதல் ஷெட்டில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது என்றார்கள், அறுபதாயிரம் ஆகும் என்றார்கள். இரண்டாவது ஷெட்டில், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் கழற்றி சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். மூன்றாவதாக வேலூர் காட்பாடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், தகரக் கூரைக்குக் கீழே தனியாக வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். அந்தப் பகுதியில் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கோளாறு காட்டும் ஸ்கேனரை அவர் தொடவே இல்லை. பானெட்டைத் திறந்தார், என்னை உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார், காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, டர்போவின் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் கறுப்பு ரப்பர் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கட்டை விரலாலும் வளைத்தார். நீளவாக்கில் ஒரு பிளவு வாய் திறந்தது. “டர்போ நன்றாகத்தான் சுற்றுகிறது சார். காற்றுதான் வழியிலேயே போய்விடுகிறது” என்றார். குழாயும் இரண்டு கிளாம்பும் கூலியும் சேர்த்து ஆயிரத்து நானூறு ரூபாய்.

அறுபதாயிரம் எங்கே, ஆயிரத்து நானூறு எங்கே! நான் செய்த முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். காரை முதலில் வாங்கினேன், மெக்கானிக்கைப் பிறகு தேடினேன். இத்தாலிக் கார் விஷயத்தில் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது

ஃபியட் என்றாலே “வேண்டாம், அது ஷெட்டிலேயே நிற்கும்” என்பார்கள். சொல்பவரே பெரும்பாலும் ஒரு ஸ்விஃப்ட் டீசல் வைத்திருப்பார். அந்த ஸ்விஃப்டின் உள்ளே இருக்கும் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. 2005-ல் அது தன் அளவுப் பிரிவில் உலகின் சிறந்த இன்ஜின் என்ற விருது வாங்கியது. மாருதியின் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், டாடாவின் விஸ்டா, மான்சா, ஜெஸ்ட் எல்லாவற்றிலும் ஓடியது இதே குடும்பத்து இன்ஜின்தான். ஒரே இருதயம் மாருதிக்குள் இருந்தால் நம்பிக்கையானது, ஃபியட்டுக்குள் இருந்தால் நம்ப முடியாதது என்று சொல்வதில் எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு.

ஆனால் கெட்ட பெயரில் உண்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஃபியட் கார்கள் சில காலம் டாடா ஷோரூம்களில் விற்றன. 2012-ல் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். தனி ஷோரூம்கள் பெருநகரங்களைத் தாண்டி அதிகம் பரவவில்லை. 2019-ன் தொடக்கத்தில் ஃபியட்டின் புன்டோவும் லீனியாவும் உற்பத்தியிலிருந்தே போய்விட்டன. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள். வண்டியைத் தெரியாத கைகள் அதைப் பிரித்தன, பொருந்தாத ஸ்பேர்ஸ் போட்டன, பழி காருக்குப் போனது.

ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன்னால் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் விசாரியுங்கள். டாடா விஸ்டா, மான்சாவில் பல வருடம் கை வைத்தவர் கிடைத்தால் நல்லது. அவருக்கு இன்ஜின் புதிதாக இருக்காது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அண்ணே, லீனியா கடைசியாக எப்போது உங்கள் ஷெட்டுக்கு வந்தது?” போன மாதம் என்றால் உட்கார்ந்து பேசுங்கள். எந்த வண்டியாக இருந்தாலும் பார்த்துவிடலாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

எந்த ஸ்பேர்ஸ் கிடைக்கும், எது கிடைக்காது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மல்டிஜெட் இன்ஜினின் உள் பாகங்கள் பெரிய தலைவலி தராது. தலைவலி வெளியில்தான்: ஹெட்லைட், பம்பர், டோர் கண்ணாடி, கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார், டோர் கைப்பிடி. இவை மாருதியிலிருந்தோ டாடாவிலிருந்தோ கடன் வாங்க முடியாதவை. சென்னை ஜி.பி. ரோட்டில் புதியதாகவோ, புதுப்பேட்டையில் பழையதாகவோ தேட வேண்டியிருக்கும். அதனால் இன்ஜின் நன்றாக இருந்து ஹெட்லைட் உடைந்த வண்டியை “லைட்தானே, மாற்றிக்கொள்ளலாம்” என்று வாங்குவது தவறு. மற்ற கார்களில் அது சின்னக் குறை, இதில் ஒரு மாத அலைச்சல்.

சூடான இன்ஜினைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நீங்கள் பார்க்க வருகிறீர்கள் என்று தெரிந்ததும் விற்பவர் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார். மரியாதைக்காகச் செய்பவரும் உண்டு, மறைப்பதற்காகச் செய்பவரும் உண்டு. காலை ஆறரைக்கு வருகிறேன், அதுவரை சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் உள்ளங்கையைப் பானெட்டின் மேல் வையுங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் அன்று பார்த்துப் பயனில்லை.

காரணம் இருக்கிறது. மல்டிஜெட் டீசலில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயின் தளர்ந்துவிடும். இரவெல்லாம் நின்ற இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது, ஆயில் மேலே ஏறும்வரை சில நொடிகள் டப்பாவுக்குள் சில்லறையைக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் வரும். சூடான பிறகு அந்தச் சத்தம் இருக்காது. அந்தச் சில நொடியைக் கேட்பதற்குத்தான் ஆறரை மணிக்குப் போவது. சத்தம் கேட்டால் செயின் செலவை விலையிலிருந்து கழியுங்கள், அல்லது வண்டியையே விடுங்கள்.

பெட்ரோல் வண்டிகளில் கதை வேறு. 1.2, 1.4 லிட்டர் ‘ஃபயர்’ வகை இன்ஜின்களிலும் லீனியா டி-ஜெட், அபார்த் புன்டோவில் இருக்கும் 1.4 டர்போவிலும் இருப்பது ரப்பர் பெல்ட். டி-ஜெட்டில் அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும், இன்ஜினைப் பிரிக்க வேண்டிவரும். “முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பெல்ட் புதிதுபோல இருக்கும்” என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் ஒரு கணக்கு, வயது ஒரு கணக்கு. வேலூர் வெயிலில் பத்து வருடம் வெந்த ரப்பர் ஓடாமலே காய்ந்துபோகும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே பெல்ட்டையும் அதோடு தண்ணீர்ப் பம்பையும் மாற்றிவிடுங்கள்.

பொதுவாகவே, குறைந்த கிலோமீட்டரில் மயங்குவது இந்தக் கார்களில் பெரிய பொறி. மகன் வெளிநாட்டில் இருக்கிறான், வண்டி வாசலில் துணி போர்த்தி நிற்கிறது என்று ஒரு புன்டோ காட்டுவார்கள். பெயிண்ட் மினுக்கும். பேட்டரி இறங்கியிருக்கும், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கும், ஏ.சி. கேஸ் கசிந்திருக்கும். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பில் வைத்திருக்கும் லீனியாவையே நான் எடுப்பேன்.

இன்னொன்று. பேட்டரி பலவீனமானால் ஃபியட்டில் ஏர்பேக், ஏ.பி.எஸ். என்று விளக்குகள் வரிசையாக எரியும். பார்த்தவுடன் பயந்து ஓடவும் வேண்டாம், “பேட்டரிதான் சார்” என்று விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்கவும் வேண்டாம். நல்ல பேட்டரி ஒன்றைப் போட்டு, மெக்கானிக்கின் ஸ்கேனரில் பழைய பிழைகளை அழித்து, ஒரு நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது

ஃபியட்டை நான்கு வழிச்சாலையில் ஓட்டினால் மனதைப் பறிகொடுத்துவிடுவீர்கள். ஹைட்ராலிக் ஸ்டியரிங் கைக்குள் கனமாக, நிதானமாக நிற்கும். வாலாஜா தாண்டி நூறில் போகும்போது தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். அந்தச் சுகத்தில்தான் நானும் முன்பணம் கொடுத்தேன்.

பார்க்க வேண்டிய இடம் ஊருக்குள். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய ஏதாவது ஒரு தெருவில், கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவை நிறுத்திவிட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம் வந்தால் லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கலாம், அது தாங்கக்கூடிய செலவு. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பும்போது சத்தம் வந்தால், கீழே எண்ணெய் கசிவு இருந்தால், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ரேக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அது வேறு மாதிரிச் செலவு.

பிறகு மே மாத மதியம் என்றால் இன்னும் நல்லது, கிரீன் சர்க்கிள் நெரிசலிலோ காட்பாடி ரயில்வே மேம்பாலத்திலோ ஏ.சி.யை முழுதாக வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஊர்ந்து செல்லுங்கள். வெப்பமானி முள் பாதியைத் தாண்டக் கூடாது. ரேடியேட்டர் விசிறி ஓடி நிற்பது காதில் விழ வேண்டும். நேரம் இருந்தால் ஏலகிரி வரை போகலாம், அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் டர்போவும் கிளட்சும் உண்மையைச் சொல்லிவிடும்.

தண்ணீரும் காகிதமும்

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டதை நாம் யாரும் மறக்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய வண்டிகளும் கைமாறிக் கைமாறி நம் பக்கம் வந்திருக்கின்றன. புன்டோ, லீனியாவில் மின்சார மூளையான பாடி கம்ப்யூட்டர் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறியிருந்தால் அந்த வண்டி வேண்டாம், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கேதான் மிச்சமிருக்கும். சீட்டுக்குக் கீழே, அது முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தடத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

டெல்லியிலிருந்து வரும் மலிவு வண்டிகள் இன்னொரு கண்ணி. அங்கே பத்து வருடம் கடந்த டீசல் கார்களுக்கு இருந்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அப்படி வெளியே தள்ளப்பட்ட கார்கள் தெற்கே வந்தன. வண்டியில் தவறில்லை. ஆனால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டுச் சாலை வரி, புதிய பதிவெண் எல்லாம் முடிந்து கையில் பதிவுச் சான்றான ஆர்.சி. வரும்போது, மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது. பெங்களூர் வண்டிக்கும் சித்தூர் வண்டிக்கும் இதே கணக்குத்தான். வேலூர்ப் பதிவான டி.என். 23 வண்டி ஐம்பதாயிரம் அதிகமானாலும் எனக்கு அதுவே லாபமாகத் தெரிகிறது.

முதல் புன்டோக்களும் லீனியாக்களும் 2009-ல் வந்தவை. பதினைந்து வருடம் முடிந்துவிட்டது. தகுதிச் சான்றான எஃப்.சி. காட்டி ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் ஐயாயிரம் ரூபாயாக உயர்ந்தது, பசுமை வரி தனி. வங்கிக் கடன் இருந்திருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30. இவை எந்தக் காருக்கும் உள்ளவைதான். ஃபியட்டுக்கென்று ஒன்று உண்டு: இரண்டு சாவியையும், சாவியின் ரகசிய எண் அச்சடித்த கோட் கார்டையும் கேட்டு வாங்குங்கள். ஒரு சாவிதான் இருக்கிறது என்றால் விலையைக் குறையுங்கள்.

வாங்கிய பிறகு

கையிலிருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று லட்சம் இருந்தால் இரண்டே கால் லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மிச்சம் முதல் ஆறு மாதத்தில் நிச்சயம் போகும்: ஆயில், எல்லா ஃபில்டர்கள், பேட்டரி, ரப்பர் குழாய்கள், புஷ்கள். அதற்குப் பிறகு வண்டி அமைதியாகிவிடும். பெரும்பாலானவர்கள் இந்த ஆறு மாதத்தில் பணமில்லாமல் ஒட்டுப்போட்டு ஓட்டி, சலித்து, அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளிவிடப்பட்ட வண்டியைத்தான் நானும் வாங்கினேன்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒரு தவறு. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் போர்வெல் குழாயில் பிடித்து ஊற்றுவது. வேலூர்த் தண்ணீர் டீ பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், ராணிப்பேட்டைப் பக்கம் உப்பு இன்னும் அதிகம். அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் ஏறுகிறது. ஃபியட்டுக்கு உரியது இன்ஜினைக் குளிர்விக்கும் சிவப்புக் கூலன்ட். பச்சையைக் கலக்காதீர்கள். என் லீனியாவை வாங்கிய பிறகு பாய் ரேடியேட்டரைத் திறந்து விட்டபோது, பழைய பெயிண்ட் டப்பாவில் வந்து விழுந்தது காவி நிறச் சேறு. மூன்று முறை வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றிக் கழுவிய பிறகுதான் தெளிந்தது. அன்றிலிருந்து டிக்கியில் ஒரு லிட்டர் சிவப்புக் கூலன்டும் இரண்டு லிட்டர் வாலை வடிநீரும் எப்போதும் இருக்கின்றன.